துடிப்பு சீராகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, பிரஷர் உண்டு. படபடப்புக்கு ஈசிஜி எடுத்தபோது ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று சொல்லி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். இப்போது துடிப்பு நார்மல். ஆஸ்பிரின் போதும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். இந்தக் கோளாறில் இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சிறிய பை இருக்கிறது. ரத்தம் அதில் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆபத்து மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு. இந்தத் துடிப்பு வந்து வந்து போகும், பல தடவை வந்ததே தெரியாது. இன்றைய ஈசிஜி நன்றாக இருப்பதால் ஆபத்து விலகிவிடாது. 65-ஐத் தாண்டிய வயது, கூடவே பிரஷர்; மாத்திரைக்கு இந்த இரண்டு காரணங்களே போதும். இதை மருந்துச் சீட்டு எழுதும்போதே சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. யாரும் சொல்வதில்லை.

ஆஸ்பிரின் இதற்குப் போதாது. இப்படி உறையும் கட்டியை அது சரியாகத் தடுக்காது, ஆனால் ரத்தக்கசிவை மட்டும் தரும். அதைவிட மோசம் ‘அடைப்பை நீக்கும்’ பொடியும் கஷாயமும் விற்கிறவர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் பாட்டிலையே நீட்டுவார்கள். பக்கவாதம் வந்தால் அவர்கள் போனை எடுக்கமாட்டார்கள். ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜிலும் மாட்டாதீர்கள். எக்கோ (இதய ஸ்கேன்), கிட்னி, ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்தால் பெரும்பாலும் போதும்.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். எக்கோவில் மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது) கணிசமாகக் குறுகிப்போயிருந்தாலோ, உலோக வால்வு வைத்திருந்தாலோ கதையே வேறு. அப்பிக்சபான், ரிவரோக்சபான் மாதிரிப் புது மாத்திரைகள் அவர்களுக்கு ஆகாது. பழைய மாத்திரையான வார்ஃபரின்தான், அதோடு ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையும் விடாமல். விலங்குத் திசுவில் செய்த வால்வு (திசு வால்வு) அந்தக் கணக்கில் வராது. வால்வு ஆபரேஷன் ஆனவர் என்றால், எந்த வகை வால்வு என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். அதில் இல்லாவிட்டால் விடாதீர்கள், கேட்டு எழுதி வாங்குங்கள்.

அப்புறம், பல் பிடுங்கும் விவகாரம். பல் டாக்டர் இதய டாக்டரைக் கேட்கச் சொல்வார், இவர் அவரைக் கேட்கச் சொல்வார். நடுவில் நோயாளி தானாகவே பத்து நாள் நிறுத்திவிடுவார். புது மாத்திரைகளின் பாதுகாப்பு ஓரிரு நாளிலேயே போய்விடும். சாதாரணமாக ஒரு பல் எடுக்க அத்தனை நாள் நிறுத்தவே வேண்டாம். எந்த வேளை மாத்திரையை விடுவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று இதய டாக்டரிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.