ஓட்டுக் கூரைக்கு மரம் எவ்வளவு? வாசகர் கேள்வி-பதில்

பாலக்கோடு வாசகர்: 30 அடி நீளம், 20 அடி அகலமுள்ள வீட்டுக்கு மங்களூர் ஓடு போடவிருக்கிறோம். மரத்தைக் கணக்கிடுவது எப்படி?

தரையின் சதுர அடியை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லும்போது சரிவும், சுவருக்கு வெளியே நீளும் இறவாரமும் விடுபட்டுவிடுகின்றன. ஆகவே ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே எண்ணுவதே முறை. முகடு சுவர் மட்டத்திலிருந்து 6 அடி உயர்ந்தால், பாதி அகலமான 10 அடிக்குச் சரிவு 11 அடி 8 அங்குலம் வரும். இறவாரத்துக்கு 16 அங்குலம் சேர்த்தால் முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் கைமரம் (கை) ஒன்றுக்கு 13 அடி தேவை. 2 அடி இடைவெளியில் ஒரு பக்கத்துக்கு 15 கைகள் என்று வகுத்துப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. கடைசிக் கையையும் சேர்த்து 16, இரு பக்கமும் 32.

அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். அதன்படி 4×2 கைகளுக்கு 23.1 கன அடி ஆகும். கைகளின் மேல் குறுக்கே அடித்து ஓட்டைத் தாங்கும் சட்டமான ரீப்பரின் இடைவெளி சூளைக்குச் சூளை மாறுவதால், ஓட்டை முதலில் வாங்கி, இரண்டைப் பொருத்தி வைத்து அளந்துவிட்டே மரம் சொல்லுங்கள். அது 12½ அங்குலமாக இருந்தால், பக்கத்துக்கு 14 வரிசை வீதம் 840 அடி நீளம். 2×1 அளவில் 11.7 கன அடி. முகட்டில் நீளவாக்கில் ஓடும் முகட்டு வளை 6×2 அளவில் 2.5, சரிவின் நடுவில் கைகளைத் தாங்கும் நடுவளை இரண்டும் 5×3 அளவில் 6.25. ஆக 43.5, பத்து சதவீதம் சேதாரம் சேர்த்து 48 கன அடி. நடுவளையைத் தாங்கக் குறுக்குச் சுவர்கள் உண்டு என்று கொண்டே இந்த அளவுகளைச் சொல்கிறேன். இல்லையெனில் ஆசாரியிடம் காட்டாமல் மரம் வாங்க வேண்டாம்.

ஊத்தங்கரை வாசகர்: தோட்டத்து வேம்பை வெட்டியிருக்கிறோம். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி. எவ்வளவு தேறும்?

சுற்றளவின் நான்கில் ஒரு பங்கு 12 அங்குலம், அதாவது ஓர் அடி. அதன் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கினால் 10 கன அடி. உருளையின் உண்மையான கன அளவைவிட இது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அப்படியிருந்தும் அறுவை மில்லில் பட்டை, வாள் தின்னும் தூள், கோணல் எல்லாம் போகச் சட்டமாக 10 கன அடி கைக்கு வராது. 6 என்று வைத்துத் திட்டமிடுங்கள். பச்சை மரத்தை அறுத்தவுடன் ஏற்றினால் முறுக்கிக்கொள்ளும். நிழலில் அடுக்கி உலர்த்துங்கள்.

ஓசூர் வாசகர்: 7 அடி உயரம், 3½ அடி அகலமுள்ள வாசல் நிலைக்கு?

படியுடன் சேர்த்து மொத்தம் 21 அடி; 5×3 அளவில் ஏறத்தாழ 2.2 கன அடி. இழைப்பில் கனம் குறையும் என்பதால், முடிந்த அளவா, அறுத்த அளவா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காரிமங்கலம் வாசகர்: பழைய வீட்டின் பனங்கைகளை மீண்டும் பயன்படுத்தினால் எவ்வளவு மிச்சமாகும்?

இறக்கிய பிறகுதான் சொல்ல முடியும். பனைக்கு வெளிப்புறமே வைரம். உள்ளே மிருதுவான சோறு. சுவருக்குள் புதைந்திருந்த முனையை உளியால் குத்திப் பாருங்கள். உளி எளிதில் இறங்கும் பகுதி முழுவதையும் அறுத்துத் தள்ள வேண்டும். ஓர் அடி குறைந்த கை முகட்டுக்கு எட்டாது என்பதால், அதைக் கூரைக் கணக்கில் சேர்க்காமல் மாட்டுக் கொட்டகைக்கு ஒதுக்கிவிடுங்கள்.