கண் திறக்காத அம்மாவுக்கு வலிக்குமா?

கேள்வி: அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கொழுந்தெடுக்கப் போன அம்மா மலையில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, கண்டியில் ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருக்கிறார். ஆறு நாளாகக் கண் திறக்கவில்லை. நேற்று மிஸ்மார் (தாதியர்) அவரைப் புரட்டிப் படுக்க வைத்தபோது முகம் சுளித்தது போல இருந்தது. அவருக்கு வலிக்குமா? அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பதில்: வலிக்கலாம். "மயக்கத்தில் இருக்கிறார், ஒன்றும் தெரியாது" என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். சொல்ல முடியவில்லை என்பதற்காக வலி இல்லை என்று ஆகிவிடாது. நீங்கள் பார்த்த அந்த முகச் சுளிப்பைத்தான் ஐ.சி.யூ.வில் வேலை செய்யும் நாங்களும் தேடுகிறோம்.

ஐ.சி.யூ.வில் இதற்கென்று அளவுகோல்கள் உண்டு. அதிகம் பயன்படுவது, பேச முடியாதவர்களின் வலியைப் பார்த்தே கணிக்கும் சி.பி.ஓ.டி. (CPOT) என்ற அளவுகோல். முகம், உடல் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு இசைந்து மூச்சு விடுகிறாரா என்ற நான்கையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி போடுவார்கள். மொத்தம் 8. மூன்றோ அதற்கு மேலோ வந்தால் வலி இருப்பதாகக் கொள்கிறோம். முதலில் சும்மா படுத்திருக்கும்போது ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அப்புறம் புரட்டும்போது, சளி உறிஞ்சும்போது. மருந்து கொடுத்த பிறகு இன்னொரு முறை. ஐ.சி.யூ.வில் அன்றாடம் செய்யும் வேலைகளில் புரட்டுவது மிகவும் வலிக்கக்கூடிய ஒன்று.

நாடித் துடிப்பும் பிரஷரும் ஏறினால் கவனிக்க வேண்டும், ஆனால் அதை மட்டும் வைத்து வலியை முடிவு செய்யக் கூடாது. காய்ச்சலிலும் அவை ஏறும்.

தலையில் அடிபட்டவர்களிடம் வலி வேறு மாதிரியும் வெளிப்படும். சுளிப்புக்குப் பதிலாகத் திடீரெனக் கண் திறக்கலாம், கண்ணீர் வழியலாம், முகம் சிவக்கலாம். தசையைத் தளர்த்தும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் இந்த அளவுகோல் எதுவும் உதவாது. அவரால் அசையவே முடியாது, வலி மட்டும் இருக்கலாம். அப்போது வலி இருக்கிறது என்றே எண்ணி மருந்து கொடுக்க வேண்டும். இன்னொன்று, மிடாசோலம் போன்ற தூக்க மருந்து வலியைப் போக்காது. அதற்கு மோர்ஃபின், ஃபென்டனில் போன்றவை வேண்டும். மூளையின் நிலையைச் சோதிக்க வேண்டியிருப்பதால் இவற்றை டாக்டர்கள் அளந்துதான் கொடுப்பார்கள். அதில் தவறில்லை.

இனி உங்கள் பங்கு. அம்மாவின் முகம் உங்களுக்குத்தான் பழக்கம். தலையில் பட்டி கட்டி, கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்தவர்களுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் பழைய வலி இருப்பது சாதாரணம். அவருக்கு எங்கே வலிக்கும், எந்தப் பக்கம் படுக்க மாட்டார், முன்பு என்ன மாத்திரை போட்டார் என்பதை மிஸ்ஸிடம் சொல்லுங்கள். தமிழ் தெரியாத மிஸ் என்றால் "அம்மாட்ட ரிதெனவாத?" (அம்மாவுக்கு வலிக்கிறதா?) என்று சிங்களத்தில் கேட்டாலே உங்கள் கவலை புரிந்துவிடும். புரட்டுவதற்கு முன்னால் வலி மருந்து கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. தொடுவதற்கு முன் "அம்மா, இப்ப புரட்டப் போறாங்க" என்று நீங்களே காதருகில் சொல்லுங்கள். நீங்கள் இல்லாத நேரத்திலும் மிஸ் சொல்வதற்கு வசதியாக, அந்த வரியைச் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.