சிலுவையை மகளுக்கு எப்படிச் சொல்வது?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 16 வயது. "நான் செய்த தப்புக்கு இன்னொருத்தரை அடிப்பது எப்படி நியாயம்?" என்று சிலுவையைப் பற்றிக் கேட்கிறாள். நம் தண்டனையை இயேசு ஏற்றார் என்று நான் படித்ததையே சொன்னேன். அவளுக்கு மனம் ஆறவில்லை. வேறு விதமாகச் சொல்லலாமா என்றால், தலைமுறைக்குத் தலைமுறை மாற்றினால் அது விசுவாசமா என்கிறார்கள் சபைப் பெரியவர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகளின் கேள்வியை 12-ஆம் நூற்றாண்டிலேயே பீட்டர் அபெலார்ட் என்ற பிரெஞ்சு இறையியலாளர் கேட்டிருக்கிறார். குற்றமற்றவரின் ரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமை இல்லையா என்று. ஆகவே அவளை விசுவாசத்துக்கு வெளியே நிறுத்திவிடாதீர்கள்.

நீங்கள் சொன்ன பதிலும் ஒரு காலத்தில் புதுசுதான். மாற்கு 10:45 'மீட்கும்பொருள்' என்கிறது. அடிமையை விடுவிக்கக் கொடுக்கும் பணத்துக்கான சொல் அது. அடிமைச் சந்தையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பின்னால் வந்தவர்கள், அந்தப் பணம் யாருக்குப் போனது என்று கேட்டார்கள். சாத்தானுக்கு என்றார் 4-ஆம் நூற்றாண்டு ஆயர், நிசா நகரத்துக் கிரகோரி. கிறிஸ்துவின் உடல் இரை, உள்ளே மறைந்திருந்த தேவத்துவம் தூண்டில் முள், சாத்தான் விழுங்கி மாட்டிக்கொண்டான்! கொள்ளைக்காரனுக்குக் கடவுள் விலை கொடுப்பாரா என்று அவருடைய நண்பர், நாசியான்சு நகரத்துக் கிரகோரி, இந்த எண்ணத்தையே மறுத்தார். இதைப் பற்றிய நூலை 1098-ல் முடித்த இறையியலாளர் அன்சல்ம், கடவுளின் மாண்புக்கு மனிதன் வைத்த பாக்கியை இயேசு தீர்த்தார் என்று விளக்கினார். பிரபுக்களின் கௌரவம் பெரிதாக இருந்த காலம். தண்டனை விளக்கத்துக்கு ஏசாயா 53-ல் வேர் உண்டு. ஆனால் நீங்கள் கற்ற வடிவம் 16-ஆம் நூற்றாண்டில் உருவானது. அதை விரித்து எழுதிய சபைச் சீர்திருத்தவாதி கால்வின் சட்டம் படித்தவர்.

381-ஆம் ஆண்டு விசுவாசப் பிரமாணமோ 'நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார்' என்று மட்டும் சொல்கிறது, எப்படி என்று விளக்கவில்லை. அந்த 'நமக்காக' வரும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

சரி, எந்த விளக்கமும் செல்லுமா? செல்லாது. 1930-களில் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியை ஆதரித்த ஒரு கிறிஸ்தவக் கூட்டம் பழைய ஏற்பாட்டைத் தள்ளி, இயேசு யூதர் என்பதையே மறைக்கப் பார்த்தது. இயேசு கிறிஸ்து ஒருவரே நாம் கேட்க வேண்டிய வார்த்தை என்று அவர்களை எதிர்த்து 1934-ல் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடிய சபையார் அறிக்கையிட்டார்கள். கேள்வி வந்ததால் விளக்கம் மாறுவது வேறு, ஆட்சிக்குத் தோதாக ஆளையே மாற்றுவது வேறு.

மகளிடம் அபெலார்டைப் பற்றிச் சொல்லுங்கள். அப்புறம் இருவரும் மாற்கு 15-ஐ வாசியுங்கள். அங்கே விளக்கம் எதுவும் இல்லை. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். படித்ததை அவள் தன் வார்த்தையில் சொல்லட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அன்புடன்.