மாடல் ரயில் லேஅவுட்டில் தூக்கித் திறக்கும் பாலத்துக்கு வயரிங் எப்படிச் செய்வது?

கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: நாலு சுவரையும் ஒட்டி ஓடும் லேஅவுட், கதவுக்கு நேரே மட்டும் தூக்கித் திறக்கிற பலகை, அதன்மேல் போகும் தண்டவாளத்துக்குக் கரண்ட் எப்படிக் கொண்டுபோவது, தண்டவாள முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலே போதாதா?

போதாது. முதல் வாரம் ஓடும். அப்புறம் பலகை கொஞ்சம் ஈரம் குடிக்கும், கொஞ்சம் காயும், முனைகளில் தூசி சேரும். என்ஜின் பாலத்தின் நடுவில் நின்று விக்கும்.

ஆனால் இது உங்கள் பிரச்சினையில் பாதிதான், அதுவும் சுலபமான பாதி. பாலத்துக்குக் கரண்ட் கொடுக்க இரண்டு வயர் போதும். பாலம் திறந்திருக்கும்போது அதற்கு முன்னால் உள்ள தண்டவாளத்தில் கரண்டை நிறுத்த வேண்டுமே, அங்கேதான் எனக்கு ஒரு என்ஜின் போனது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலே. உங்களுடையது எச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு), டிசிசி கன்ட்ரோல் (தண்டவாளத்தில் எப்போதும் முழுக் கரண்ட், என்ஜினுக்குள் இருக்கும் சிப்புக்கு உத்தரவு) என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தண்டவாளத்துக் கரண்டைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் சாதா டிசி என்றாலும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் சுலபமான பாதி. கீல் இருக்கும் பக்கமாகவே வயரைக் கொண்டுபோங்கள். நிறைய மெல்லிய இழைகள் உள்ள வயராக இருக்கட்டும். ஒற்றைக் கம்பி வயர் மடங்கி மடங்கி ஒரு நாள் உள்ளேயே முறியும், மேலே பிளாஸ்டிக் நன்றாக இருக்கும், நீங்கள் ஊரையெல்லாம் சந்தேகப்படுவீர்கள். கீலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வயரை கிளிப் போட்டு இறுக்கி, நடுவில் ஒரு சாண் நீளம் தொங்கவிடுங்கள். வளைவதெல்லாம் அந்தத் தொங்கலில் வளையட்டும், சால்டர் வைத்த இடத்தில் வளையக் கூடாது. கீலையே கரண்ட் கடத்தியாக வைக்கலாமே, பித்தளைத் தாழ்ப்பாளையே தொடுமுனையாக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். சிலருக்கு அது வருஷக்கணக்கில் ஓடுகிறது, மறுக்கவில்லை. எனக்கு எண்ணெய் போட்ட கீலை நம்ப மனசு வரவில்லை.

கீலின் அச்சு தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்குச் சமமாகவோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ இருக்கட்டும். கீழே வைத்தால் தூக்கும்போது பாலத்தின் தண்டவாள முனை பின்னால் போய் நிலையான முனையை இடிக்கும். தண்டவாளத்தை இரண்டு துண்டாகப் போட்டு நேர்பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். பாலத்தை மூடிவைத்து ஒரே நீளமாகப் போட்டு, வெட்டு விழப்போகும் இடத்தின் இரண்டு பக்கமும் செப்புத் தகடு ஒட்டிய பிசிபி ஸ்லீப்பர்களில் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள்) சால்டர் வைத்துவிட்டு, அப்புறம் மெல்லிய ரம்பத்தால் அறுங்கள். நேராக இருந்தே தீரும். அந்த பிசிபி ஒவ்வொன்றிலும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே செப்பை அரத்தால் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். எட்டு ஸ்லீப்பரில் ஏழுக்குக் கோடு போட்டுவிட்டு, ஷார்ட் எங்கே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடியவன் நான்.

கழற்றி எடுத்து மூலையில் சாத்தி வைக்கிற மாதிரி பாலமென்றால் பிளக், சாக்கெட். திருப்பிப் போட முடியாதபடி இரண்டு முனையிலும் முளைகளை வேறு வேறு இடைவெளியில் வையுங்கள். திருப்பிப் போட்டு பிளக்கைச் செருகினால் பாலத்தில் கரண்ட் இருக்கும், எல்லாம் சரியாகத்தான் தெரியும். முதல் சக்கரம் வெட்டைத் தாண்டும் நொடியில் ஷார்ட் ஆகும்.

இனி என் கதை.

என் பாலத்துக்கு முன்னால், தனியாகக் கரண்டை நிறுத்தக்கூடிய துண்டாக, 90 சென்டிமீட்டர் டெட் செக்‌ஷன் வைத்திருந்தேன். ஒரு பக்கத் தண்டவாளத்தை மட்டும் வெட்டி, அந்தத் துண்டுக்குப் போகும் கரண்டை பாலத்துக்கு அடியில் இருந்த ஒரு மைக்ரோ சுவிட்ச் வழியாக விட்டிருந்தேன். பாலம் உட்கார்ந்தால் சுவிட்ச் அமுங்கும், கரண்ட் வரும். தூக்கினால் போகும். என் என்ஜின் 22 சென்டிமீட்டர். 90 தாராளம் என்று கணக்கு. இருபது தடவை சோதித்தேன். பாலத்தைத் திறந்து வைத்துவிட்டு என்ஜினை முழு வேகத்தில் விட்டால், உள்ளே நுழைந்து கொஞ்ச தூரத்தில் சமத்தாக நின்றது. என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பாலத்தைத் தூக்கினா ரயில் தானா நின்னுடும், பயப்படாம தூக்கு” என்று சொன்னது நான்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஆறு பெட்டிகளுக்கு உள்ளே எல்இடி விளக்கு போட்டு முடித்திருந்தேன். விளக்கு மினுக்மினுக் என்று துடிக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பெட்டியிலும் முன் சக்கரங்கள், பின் சக்கரங்கள் இரண்டிலிருந்தும் கரண்ட் எடுத்து உள்ளே இணைத்திருந்தேன். அழகான வேலை, இப்போதும் சொல்வேன். சாயங்காலம் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு ரயிலை ஓடவிட்டேன். இருட்டில் ஆறு பெட்டி ஜன்னலும் மஞ்சளாக வளைவில் திரும்புகிறது. மகள் என் போனை எடுத்துக்கொண்டு வந்தாள், யாரோ கூப்பிடுகிறார்களாம். ரயில் எதிர்ச் சுவரில் இருந்தது. அவள் பாலத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். நானும் பார்த்தேன், கவலைப்படவில்லை. நிற்கும் என்று எனக்குத் தெரியுமே.

ரயில் டெட் செக்‌ஷனில் நுழைந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. விளிம்பில் என்ஜினின் முன்விளக்கு ஒரு நொடி தரையைக் காட்டியது. அப்புறம் சத்தம்தான். இரண்டு பெட்டி பின்னாலேயே போயின, மூன்றாவது விளிம்பில் தொங்கியது.

“நீங்கதானேப்பா தானா நிக்கும்னு சொன்னீங்க?”

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

என்ஜின் முழுக்க டெட் செக்‌ஷனுக்குள் வந்ததும் கரண்ட் போனது உண்மை. ஆனால் நாலைந்து சென்டிமீட்டர் நகர்வதற்குள் முதல் பெட்டியின் முன் சக்கரம் வெட்டைத் தாண்டிவிடுகிறது. பின் சக்கரம் இன்னும் கரண்ட் உள்ள பக்கம். இரண்டையும் நான்தான் வயர் போட்டு இணைத்து வைத்திருக்கிறேனே! கரண்ட் பின் சக்கரத்தில் ஏறி, பெட்டிக்குள் நடந்து, முன் சக்கரத்தில் இறங்கி, டெட் செக்‌ஷனில் பாய்ந்து என்ஜினுக்குப் போய்விட்டது. முதல் பெட்டி தாண்டியதும் இரண்டாவது பெட்டி அதே வேலையைச் செய்கிறது. நடுவில் வரும் அந்த நாலைந்து சென்டிமீட்டரை மோட்டாரின் ஃப்ளைவீலும் (கனமான சுழல் சக்கரம்), கரண்ட் அறுந்தால் கொஞ்ச நேரம் தாங்கும் கீப் அலைவ் கெப்பாசிட்டரும் தள்ளிக் கடத்திவிடுகின்றன. ஆறு பெட்டியும் முழுசாக உள்ளே வந்தால்தான் அந்தத் துண்டு உண்மையில் செத்தது. பெட்டி ஒவ்வொன்றும் 27 சென்டிமீட்டர், என்ஜினோடு 180 தாண்டுகிறது. நான் வைத்திருந்தது 90. இருபது தடவை சோதித்தேன் என்றேனே, இருபதும் தனி என்ஜின். இரண்டு என்ஜின் பூட்டி ஓட்டினாலும் இதே வம்புதான், பின் என்ஜின் வெட்டின்மேல் நிற்கும் வரை முன் என்ஜினுக்கும் உயிர் இருக்கும்.

“டெட் செக்‌ஷனை இரண்டு மீட்டர் ஆக்கினால் தீர்ந்ததே” என்று யாராவது எழுதப்போகிறீர்கள். ஆக்கலாம். அந்த இரண்டு மீட்டருக்குள் எனக்கு ஸ்டேஷன் வருகிறது, தண்டவாளம் பிரியும் பாயிண்ட் இரண்டு வருகிறது. “இரண்டு தண்டவாளத்தையும் வெட்டு” என்பவர்களுக்கு: பெட்டி இரண்டு பக்கமும் இணைத்துத்தான் இருக்கிறது, எதை வெட்டினாலும் அது கரண்டைத் தாண்டவிடும். “பாட்டரி போட்டு ரேடியோவில் ஓட்டினால் வயரிங்கே வேண்டாம்” என்பவர்கள் மன்னிக்கவும், அப்போது தண்டவாளத்தில் கரண்டை நிறுத்தி ரயிலை நிறுத்தும் வழியே போய்விடுகிறது.

நான் கடைசியில் செய்தது இது. மைக்ரோ சுவிட்சை பாலத்துக்கு அடியிலிருந்து எடுத்துத் தாழ்ப்பாளுக்கு மாற்றினேன். தாழ்ப்பாள் முழுசாக உள்ளே போனால்தான் சுவிட்ச் அமுங்கும். அந்த சுவிட்ச் ஒரு 12 வோல்ட் ரிலேயை (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) ஓட்டுகிறது. ரிலேயின் இரண்டு தொடுமுனை வழியாகத்தான் மெயின் லைன் முழுக்கக் கரண்ட் போகிறது, ரயில்களை நிறுத்திவைக்கும் யார்டுக்குத் தனி லைன். தாழ்ப்பாளை இழுத்த கணமே மெயின் லைன் மொத்தமும் செத்துவிடும், அதற்கு அப்புறம்தான் பாலமே அசையும். சுவிட்சில் காம் (பொது முனை), என்ஓ (அமுக்கினால் மட்டும் இணையும் முனை) என்ற இரண்டு முனைகளைப் பயன்படுத்துங்கள், என்சி (அமுக்காதபோது இணைந்திருக்கும் முனை) வேண்டாம். வயர் அறுந்தாலும் அடாப்டர் செத்தாலும் ரிலே விழுந்து ரயில் நிற்க வேண்டும். நிஜ ரயில்வேயில் 1872-ல் வில்லியம் ராபின்சன் கொண்டுவந்த டிராக் சர்க்யூட்டிலும் (தண்டவாளத்தில் ரயில் நிற்கிறதா என்று கரண்டால் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) இதே தந்திரம்தான்: கரண்ட் ஓடினால்தான் வழி, எது கெட்டாலும் சிவப்பு.

டிசி ஓட்டுபவர்கள் டெட் செக்‌ஷனே வைத்துக்கொண்டால், வெட்டின் குறுக்கே ஒரு டயோடு (ஒரு திசையில் மட்டும் கரண்ட் விடுவது) போடுங்கள். ரயிலை முன்னால் போக விடாது, பின்னால் வர மட்டும் விடும். டிசிசியில் இது எடுபடாது.

இவ்வளவுக்கும் பிறகும் கெப்பாசிட்டர் ஒரு ஓட்டை. கரண்ட் போன பிறகும் என் என்ஜின் வேகமாக வந்தால் 40 சென்டிமீட்டர் ஓடுகிறது, அளந்து பார்த்தேன். கீல் பக்கம் பரவாயில்லை, தூக்கிய பாலமே சுவர் மாதிரி எதிரே நிற்கும். தாழ்ப்பாள் பக்கம்தான் பள்ளம். அங்கே ஸ்பிரிங் வைத்த ஒரு மரக்கட்டை, முகத்தில் ஸ்பாஞ்ச். மூடிய பாலம் அதை அழுத்தி வைத்திருக்கும், தூக்கினால் எழும்பி வழியை மறிக்கும். அசிங்கமாகத்தான் இருக்கிறது. 1958 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் நெவார்க் பே பாலம் திறந்திருந்தபோது ஒரு பயணிகள் ரயில் சிக்னலைத் தாண்டிப் போய்த் தண்ணீரில் விழுந்து 48 பேர் இறந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கட்டையின் அழகு பெரிதாகத் தெரியவில்லை.

சம்பந்தமில்லாமல் ஒன்று. இந்த மறு வயரிங் இரண்டு நாளில் முடிந்திருக்கும். இரண்டு வாரம் ஆனதற்குக் காரணம், என் சால்டரிங் அயர்னை மச்சான் இரவல் வாங்கிப்போனது. பிளாஸ்டிக் வாளியின் விரிசலை அதை வைத்து உருக்கி ஒட்டியிருக்கிறார்! முனை கருகி, ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. “கொஞ்சம் சூடு கம்மியா இருக்கு மாப்ளே, பாத்துக்கோங்க” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். பணம் கேட்டால் கொடுங்கள், ரத்தம் கேட்டால் கொடுங்கள், சால்டரிங் அயர்னை மட்டும் கொடுக்காதீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெட்டிகளில் விளக்கு இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் ரம்பத்தை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் கவிழ்த்துப் போட்டு, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, ஒரு முனையை முன்பக்க இடது சக்கரத்திலும் மற்றொன்றைப் பின்பக்க இடது சக்கரத்திலும் தொடுங்கள். அப்படியே வலது பக்கமும் பாருங்கள். எந்தப் பெட்டியிலும் எந்தப் பக்கமும் பீப் வராவிட்டால் பெட்டிகளால் தொல்லை இல்லை, 90 சென்டிமீட்டர் டெட் செக்‌ஷனே உங்களுக்குப் போதும். ஒரு பக்கம் பீப் வந்தாலும் ரிலேக்குப் போங்கள்.