முற்றிய பெருங்குடல் புற்றுநோய்க்கு மூலிகை மருந்தை எப்படிச் சோதிக்கிறார்கள்?

குடலில் தோன்றிய கட்டி கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குப் பரவிவிட்ட நிலையையே முற்றிய பெருங்குடல் புற்றுநோய் என்கிறோம். ஒரு மூலிகை இதற்குப் பலன் தருமா என்று அறிய, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்குகிறார்கள். வழக்கமான சிகிச்சை இரு பிரிவுக்கும் உண்டு. ஒரு பிரிவுக்குக் கூடவே மூலிகை. மற்றதற்குப் பெரும்பாலும் அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரை.

ஏன் இவ்வளவு ஏற்பாடு? நல்ல மழை பெய்த ஆண்டில் வயல் முழுவதும் புது உரம் போட்டால், விளைச்சல் மழையாலா உரத்தாலா என்று சொல்ல முடியாது. பாதி வயலுக்கு மட்டும் போட்டால் தெரிந்துவிடும். மூலிகை எடுத்தவர் தேறினார் என்றால், கூடவே நடந்த கீமோதெரபிக்கும் அதில் பங்கிருக்கலாம் அல்லவா?

மருத்துவம் தாவரங்களை ஒதுக்குகிறது என்ற குறை எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்நோய்க்குத் தரப்படும் இரினோடிகான் மருந்தின் மூலப்பொருளே ஒரு சீன மரத்திலிருந்து கிடைத்ததுதான். காம்ப்டோதெசின் என்ற அந்தப் பொருளின் அமைப்பு 1966இல் வெளியிடப்பட்டது. ஆரம்பச் சோதனைகளில் அது சிலருக்குச் சிறுநீர்ப்பையில் இரத்தக்கசிவை உண்டாக்கியது. மூலக்கூறை மாற்றி, மீண்டும் சோதித்து, 1996இல்தான் இரினோடிகானுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

‘மூலிகைதானே, மருத்துவரிடம் சொல்லாமல் சிகிச்சையோடு சேர்த்துச் சாப்பிட்டால் என்ன?’ என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, இதே இரினோடிகானின் வீரியத்தை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடுகிறது.