முடியாத ஆல்பத்தில் தம்பிக்குப் பங்கு உண்டா?

கேள்வி: என் அண்ணன் சென்னையில் ராக் இசைக்குழு நடத்திவந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விபத்தில் காலமானார். குழந்தை இல்லை, அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா இல்லை, அம்மா என்னுடன் இருக்கிறார். அண்ணன் அரைகுறையாகப் பதிந்த பாட்டுகள் அடங்கிய ஹார்ட் டிஸ்க், பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் பங்கு வீட்டில் எங்கள் புள்ளிக்கு (எங்கள் குடும்பத்துக்கு) உரிய அறையில் கிடைத்தது. பாட்டு வரிசை எழுதிய நோட்டும் இருந்தது. அதன் பின் அட்டையில் 'எனக்கு ஏதாவது ஆனால் இதெல்லாம் தம்பிக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். விடுபட்ட இடங்களை நிரப்பி ஆல்பமாக வெளியிட விரும்புகிறேன். டிரம்ஸ் வாசித்தவர், மூன்று மெட்டுகள் தானும் சேர்ந்து போட்டவை என்று சொல்லித் தடுக்கிறார். ஸ்டூடியோக்காரர், வாடகை பாக்கி இருப்பதால் பதிவு தனக்கே சொந்தம் என்கிறார். பங்காளி ஒருவர், பொது வீட்டில் இருந்த பொருளில் எல்லோருக்கும் பங்கு கேட்கிறார். என்ன செய்வது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பங்காளியை முதலில் அனுப்பிவிடலாம். வீட்டில் முகப்பு, வளவு, பட்டாலை என்ற பகுதிகள் பொதுவாக இருக்கலாம். அதற்காக உங்கள் அண்ணன் சொந்தக் காசில் வாங்கிய ஹார்ட் டிஸ்க் பொதுச் சொத்தாகிவிடாது. நம் பக்கத்துப் பாகப்பிரிவினையில் தேக்கு உத்திரத்தைக்கூட எண்ணிப் பிரிப்பார்கள். பாட்டு அந்தக் கணக்கில் வராது.

உண்மையான சிக்கல் அந்தப் பின் அட்டையில்தான் இருக்கிறது. படிக்க எனக்கும் மனம் கனத்தது. ஆனால் அது உயில் அல்ல. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு வேண்டாம். நோட்டு அட்டையே போதும். இரண்டு சாட்சிகளின் கையெழுத்து மட்டும் கட்டாயம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இதில் விட்டுக்கொடுப்பதில்லை. உயில் இல்லாததால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வருகிறது. அதன்படி உங்கள் அம்மாவுக்குப் பாதி, அண்ணமிண்டிக்குப் பாதி. தம்பிக்கு எதுவும் இல்லை. அவர் பிறந்த வீட்டுக்குப் போனதாலோ, நாளைக்கு மறுமணம் செய்துகொள்வதாலோ அந்தப் பங்கு அழியாது. கடிதத்தில் அவருக்கு நீங்கள் அரை வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். சட்டம் அவருக்கு அண்ணனின் உரிமையில் பாதியை ஒதுக்கியிருக்கிறது.

அடுத்தது, ஹார்ட் டிஸ்க் வேறு, பாட்டு வேறு. ஒரே பாட்டில் மெட்டுக்கு ஓர் உரிமை, வரிகளுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, வாசித்தவர்களுக்குத் தனி உரிமை என்று அடுக்கடுக்காக இருக்கும். அண்ணன் வாய்க்குள் முனகிப் பதிந்த மெட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. இசையைக் குறியீடாக எழுதியிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது.

ஒலிப்பதிவின் உரிமை தயாரிப்பாளருக்கு. யார் முன்முயற்சி எடுத்து, பொறுப்பேற்றுப் பதிவு செய்தாரோ அவரே தயாரிப்பாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டம். மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட ஸ்டூடியோக்காரர் அவர் அல்ல. பாக்கி இருந்தால் அது கடன். அண்ணன் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் பதிவு தனக்குரியது என்று அண்ணன் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஏதாவது அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதன் நகலை வாங்கிக்கொண்டு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

டிரம்ஸ்காரரை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. அந்த மூன்று மெட்டுகளில் யார் பங்கு எது என்று பிரிக்க முடியாவிட்டால் அவை கூட்டுப் படைப்பு. அவர் கையெழுத்தில்லாமல் வெளியிடாதீர்கள். மற்றப் பாட்டுகளில் அவர் பிடி தளரும். ஆல்பத்துக்கு என்று தெரிந்தே ஸ்டூடியோவில் வாசித்துவிட்டு, இப்போது பதிவே கூடாது என்பது நிற்பது கடினம். ஆனால் அவர் வாசித்ததைச் சிதைத்து அவர் பெயரைக் கெடுத்தால் 38பி பிரிவில் வழக்குப் போடலாம்.

இனி 'நிரப்புவது'. அமெரிக்க ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பரில், 27 வயதில், உயில் எழுதாமல் இறந்தார். செய்துகொண்டிருந்த ஆல்பம் பாதியில் நின்றது. கையால் எழுதிய பாட்டு வரிசை மிஞ்சியது. 1975இல் ஒரு தயாரிப்பாளர், உடன் வாசித்தவர்களின் பகுதிகளை எடுத்துவிட்டு, வேறு கலைஞர்களை வாசிக்க வைத்து மீதிப் பதிவுகளை வெளியிட்டார். ரசிகர்கள் அதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. உரிமைகள் குடும்பத்தின் கைக்கு வர 1995 வரை ஆனது. அந்த முடியாத ஆல்பத்துக்கு 1997இல் குடும்பம் ஒரு வடிவம் கொடுத்தது. அதுவும் ஊகம்தான். என்றாலும் அதில் கேட்பது அவரும் அவருடன் வாசித்தவர்களும்.

கணினியில் அண்ணன் குரலைச் செய்து பாட வைக்கும் எண்ணம் இருந்தால் யோசியுங்கள். ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிகிறது, வாரிசுக்கு வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது உண்மை. ஆனால் படைப்பைச் சிதைத்து அவர் மதிப்பைக் குறைத்தால், பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி சட்டப் பிரதிநிதிகள் தடுக்கலாம். மறைந்த இரு பாடகர்களின் குரலை 2024இல் இப்படிப் பயன்படுத்திய ஏ.ஆர். ரகுமான், குடும்பங்களிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். அதற்குக் குறைவாக நீங்கள் செய்யக் கூடாது. நோட்டில் அண்ணனே கோடு போட்டு அடித்த பாட்டு இருந்தால், அதை ஆல்பத்தில் சேர்க்காதீர்கள் என்பது என் கருத்து. சட்டம் கேட்காது, நான் கேட்பேன்.

முதலில் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துவிட்டு, மூலத்தைத் தொடாமல் வையுங்கள்; கோப்புகளின் தேதிகள் பின்னால் சாட்சியாகும். இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பிறகு அண்ணமிண்டியை நேரில் போய்ப் பாருங்கள். வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். அவரும் அம்மாவும் உங்களுக்கு எழுத்தில் உரிமை கொடுத்தால்தான் நீங்கள் வெளியிட முடியும்; வாய்ப் பேச்சு செல்லாது. யார் எதைப் புதிதாக வாசித்தார்கள் என்று வெளியீட்டில் பாட்டுவாரியாகச் சொல்லிவிடுங்கள். உரிமைப் பத்திரத்தில் காலமும் இடமும் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள், இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இணையத்தில் உலகம் முழுக்க வெளியிட நினைக்கும் உங்களுக்கு அது போதாது.