கொம்புச்சாவில் வெள்ளைப் படலம்: குடிக்கலாமா, கொட்டலாமா?

கொம்புச்சா என்பது சர்க்கரை போட்ட தேநீரைப் புளிக்க வைத்துச் செய்யும் பானம். அதைப் பற்றி வண்டிப்பெரியாற்றிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டில் கொம்புச்சா போட்டு ஐந்து நாளாகிறது. மேலே வெள்ளையாகச் சுருக்கம் விழுந்த படலம். அடியில் பழுப்பு நூல் நூலாகத் தொங்குகிறது. லேசாகக் கள் வாடையும் வருகிறது. பூஞ்சை, கொட்டிவிடு என்கிறார் மாமியார். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?"

பழுப்பு நூலுக்குப் பயப்பட வேண்டாம், அது ஈஸ்ட். சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்குவது அதன் வேலை. அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக மாற்றுவது கூடவே இருக்கும் பாக்டீரியா. கள் ஊற்றி ஆப்ப மாவு புளிக்க வைக்கும் ஊரில் இந்த வாடை புதிதல்ல.

மேலே இருப்பதுதான் விஷயம். ஜாடியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பாருங்கள். உலர்ந்து, பஞ்சு போல முடி முடியாக எழும்பி, வட்ட வட்டமாகப் பச்சையோ கறுப்போ தெரிந்தால் பூஞ்சை. அப்போது மாமியார் சொல்வதே சரி: தாய்ப்படலம் (தேநீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்த படலம்) உட்பட எல்லாவற்றையும் கொட்டுங்கள். மேலாகச் சுரண்டி எடுத்தால் போதாது, நச்சு தேநீருக்குள்ளும் இறங்கியிருக்கலாம். முடி இல்லாமல், தண்ணீரோடு ஒட்டிச் சுருங்கிக் கிடந்தால் அதுவும் ஒருவகை ஈஸ்ட்தான். விஷமில்லை, ஆனால் ருசி கெட்டுவிடும். நானாக இருந்தால் அதையும் கொட்டிவிட்டு, நல்ல தாய் வாங்கிப் புதிதாகப் போடுவேன்.

இரண்டுமே தலைகாட்டுவது பெரும்பாலும் புளிப்பு ஏறத் தாமதமாகும்போது. உங்கள் மலைக்குளிரில் அது சகஜம். லிட்டருக்கு 100 முதல் 200 மில்லி வரை, நன்றாகப் புளித்த பழைய கொம்புச்சாவைச் சேர்த்தே தொடங்குங்கள். அதையும் ஜாடியின் மேல்பகுதியிலிருந்து எடுங்கள். அடியில் ஈஸ்ட் மண்டிக் கிடக்கும். ஏலக்காய் கலந்த தேயிலை வேண்டாம், அதன் எண்ணெய் தாய்க்கு ஆகாது. புளிப்பை அளக்கும் பிஎச் தாள் ஒன்று வாங்கி வையுங்கள்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ஒரு வாரத்துக்குள் 4.2-க்குக் கீழே இறங்க வேண்டும். 2.5-க்கும் கீழே போனால் குடிக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வீட்டுத் தயாரிப்பில் ஆல்கஹால் 1 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தவிர்க்கட்டும். 1995-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்புச்சா குடித்துவந்த இருவருக்கு ரத்தத்தில் அமிலம் கடுமையாக ஏறி, ஒருவர் இறந்தார். காரணம் கொம்புச்சாதான் என்று நிரூபணமாகவில்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 மில்லியால் கெடுதல் வராது என்றே அப்போது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது. பாட்டில் கணக்கில் குடிப்பதற்கு இது மோர் இல்லை.

அப்புறம், பாத்திரம். நீங்கள் எதில் போட்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஊறுகாய்ப் பரணி என்றால் மாற்றிவிடுங்கள். சில பரணிகளின் பளபளப்புப் பூச்சில் ஈயம் இருக்கும், இந்த அமிலம் அதைக் கரைத்து எடுத்துவிடும். கண்ணாடி ஜாடி, வாயில் நெருக்கமாக நெய்த துணி, அதுவே போதும். பாட்டிலில் அடைத்தபின் வெளியில் நாள்கணக்கில் விடாதீர்கள். ஈஸ்ட் உள்ளேயே வாயு விட்டுக்கொண்டிருக்கும், பாட்டில் வெடிக்கும். ஃபிரிட்ஜில் வையுங்கள்.